ஏழு வாரமாகியும் நெகட்டிவ் ஆகவில்லை: சிடி வேல்யூ குறைவது நல்ல அறிகுறியா?

வைகைக்கரை:
லிம்ஃபோமா என்னும் இரத்தப் புற்றுநோய்க்கு ரிட்டுக்ஸிமாப் மருந்தை ஏற்றிக்கொண்டு வரும் என் தந்தைக்குக் கொரோனா தொற்றி ஏழு வாரமாகிறது. ஓய்ந்த காய்ச்சல் மறுபடியும் வந்துவிட்டது. ஆர்டி-பிசிஆர் அறிக்கையில் சிடி வேல்யூ நான்காம் வாரம் 31 ஆக இருந்தது, நேற்று 23. எண் இறங்கியிருப்பதால் குணமாகி வருகிறார் என்று வீட்டில் நம்புகிறோம். ஆனால் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பரிசோதனையில் ஒன்றுமே இல்லை என்று வந்திருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

நுண்ணோக்கி:
அந்த எண்ணைத் தலைகீழாக வாசிக்க வேண்டும், ஐயா. மாதிரியிலுள்ள வைரஸின் மரபுப்பொருளை எத்தனை முறை இரட்டித்த பிறகு கருவி கண்டுகொள்கிறது என்பதே அது. எட்டுச் சுற்று முன்னதாகவே தெரிந்துவிட்டது என்றால், வைரஸ் ஏறத்தாழ 250 மடங்கு பெருகியிருக்கலாம். மூக்கில் மாதிரி எடுத்த விதத்தாலும் எண் மாறும் என்றாலும், காய்ச்சலும் திரும்பியிருக்கும்போது அப்படிச் சமாதானம் கொள்ள முடியாது. ரிட்டுக்ஸிமாப், சிடி20 என்னும் புரதத்தைத் தாங்கிய பி செல்களை, அதாவது எதிர்ப்பொருள் செய்யும் செல்களாக மாறக்கூடிய நோயெதிர்ப்பு செல்களை, அழிக்கிறது (இந்தச் சிடி வேறு). அவற்றிலிருந்து முன்பே உருவாகி எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களில் அப்புரதம் இல்லாததால் பழைய எதிர்ப்பொருள்கள் ஓரளவு தப்பும். புதிய வைரஸுக்கெனப் புதிதாகச் செய்யத்தான் ஆளில்லை.

மருதம்:
மிஞ்சியிருப்பவை இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்களான டி செல்கள். இரத்தப் புற்றுநோயாளிகளில் அவற்றில் ஒரு வகையான சிடி8 டி செல்கள் மிகுந்தவர்களே கொரோனாவிலிருந்து அதிகம் பிழைத்தார்கள் என்று 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆனால் அவை தொற்றுக்குள்ளான செல்களைக் கொல்லுமே தவிர, வெளியே திரியும் வைரஸைப் பிடிக்க மாட்டா. மாதக்கணக்கில் ஒரே எதிரியுடன் மல்லுக்கட்டினால் சோர்ந்தும் போகும். கேம்பிரிட்ஜில் 2020இல், இதே லிம்ஃபோமாவும் ரிட்டுக்ஸிமாபும் கண்ட எழுபது வயது கடந்த ஒருவருக்குத் தொற்று 101 நாள் நீடித்தது. குணமடைந்தவர்களின் எதிர்ப்பொருள் அடங்கிய பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றியதும், அதற்கு ஓரளவு தப்பக்கூடிய, கூர்முனைப் புரதம் (ஸ்பைக்) மாறிய வைரஸ் மேலோங்கியது. பிளாஸ்மாவின் வலு குறைந்ததும் அது அடங்கி, மறுபடி ஏற்றியபோது மீண்டும் தலைதூக்கியது. அவர் பிழைக்கவில்லை. அரைகுறை அழுத்தம் வைரஸுக்குப் பயிற்சியாகிவிடும் என்பதால்தான், வைரஸ் எதிர்ப்பு மருந்தை வழக்கத்தைவிட நீட்டிப்பதா, இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தருவதா என்று மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். பி செல் எண்ணிக்கையையும் ஐஜிஜி (இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிட்டுக்ஸிமாப் கடைசியாக ஏற்றிய தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. ரிட்டுக்ஸிமாப் அடுத்த தவணை வரும் வியாழக்கிழமை. மூன்று அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கிறேன்.