ஏர் ரைஃபிள் இறுதிச்சுற்று: பூஜ்யத்தில் தொடங்குவது நியாயமா?

நெல்லைக்காரன்:
10 மீட்டர் ஏர் ரைஃபிள் துப்பாக்கிச் சுடுதலில் ஒரு விதியை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. 75 நிமிடத்தில் 60 ஷாட், ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் உயிரைக் கொடுத்து ஒருவர் முதல் எட்டுப் பேருக்குள் வருகிறார், ஆனால் இறுதிச்சுற்று தொடங்கும்போது அத்தனையும் அழிந்துபோய் எல்லோருக்கும் பூஜ்யம். 2013-க்கு முன்பு தகுதிச்சுற்றுப் புள்ளி கூடவே வரும், அதோடு இறுதிச்சுற்றின் 10 ஷாட்டைக் கூட்டித்தான் பதக்கம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் நம் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாகத் தகுதி பெற்றார், முடித்தது ஏழாவது இடத்தில். அந்த 60 ஷாட்டுக்கு என்னதான் மதிப்பு?

பெல்லட் டப்பா:
அதே பாரிஸில் அர்ஜுன் பபுதா ஏழாவதாகத் தகுதி பெற்று நான்காவதாக முடித்தாரே, அதையும் சொல்லுங்கள். 20-ஆவது ஷாட் 9.5-ல் (ஒரு ஷாட்டுக்கு உச்சம் 10.9) போய் விழும் வரைக்கும் பதக்கத்துக்கான போட்டியில் இருந்தார். பின்தங்கி வந்தவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்ததே இந்த விதிதான். லண்டன் 2012-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதிச்சுற்றில் ககன் நரங் 103.1, தங்கம் வென்ற மோல்டோவியானுவும் அதே 103.1. காலைத் தகுதிச்சுற்றில் 600-க்கு நரங் 598, மோல்டோவியானு 599. அந்த ஒரு புள்ளிதான் நம் ஆளுக்கு வெண்கலம்.

நெல்லைக்காரன்:
அந்த ஒரு புள்ளியை நரங்கிடமிருந்து யாரும் பிடுங்கவில்லையே, அவர் தவறவிட்டது அது. நம் ஆள் என்பதற்காக விதியை மாற்றிப் பேச மாட்டேன். பழைய முறையில் பின்தங்கியவருக்கு வழியே இல்லை என்பதும் தவறு. பெய்ஜிங் 2008-ல் தகுதிச்சுற்றில் நம் அபினவ் பிந்த்ரா 596, பின்லாந்தின் ஹாக்கினென் 598. இரண்டு புள்ளி பின்னால் நின்றவர் ஒவ்வொரு ஷாட்டாக எட்டிப் பிடித்து, கடைசி ஷாட்டுக்கு முன் இருவரும் சமம். பிந்த்ரா 10.8, ஹாக்கினென் 9.7. பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் அந்தத் துரத்தலே இருந்திருக்காது.

கோவை ரேஞ்ச்:
நான் சில வருடம் மாநிலப் போட்டிகளில் சுட்டவன், அதனால் கேட்கிறேன். இருவரும் இதை வெறும் கணக்காகப் பார்க்கிறீர்களோ? இலக்கின் நடுவில் பத்துக்கான பொட்டு அரை மில்லிமீட்டர், கடுகை விடச் சிறியது. தகுதிச்சுற்றில் மனம் சரியில்லை என்றால் துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, இரண்டு நிமிடம் கழித்துச் சுடலாம். இறுதிச்சுற்றில் ஒரு ஷாட்டுக்கு 50 விநாடிதான். கெட்டியான ஜாக்கெட்டுக்குள் இதயம் அடிப்பது துப்பாக்கியின் முனை வரை தெரியும், மூச்சை நிறுத்திய பிறகும் சைட் வளையத்துக்குள் அந்தக் கறுப்பு வட்டம் துள்ளும், டிரிகரில் விரல் வைத்த பிறகு ‘வேண்டாம், இறக்கு’ என்று மனசு சொல்லும், கடிகாரம் விடாது. இது வேறு விளையாட்டு, நெல்லை அண்ணா. வேறு விளையாட்டுக்கு வேறு கணக்கு இருப்பதுதான் சரி.

நெல்லைக்காரன்:
தம்பி, வேறு விளையாட்டு என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பதக்கம் கொடுக்கட்டும். அந்த ‘நிதான’ விளையாட்டில் 60 தடவை ஜெயித்தவர் வெறுங்கையோடு போவதைத்தான் நான் கேட்கிறேன்.

பெல்லட் டப்பா:
2022-ல் இருவரை நேருக்கு நேர் நிறுத்தி, ஷாட் ஷாட்டாக 16 புள்ளி எடுப்பவருக்குத் தங்கம் என்று வைத்தார்களே, அதோடு ஒப்பிட்டால் பாரிஸில் இருந்த 24 ஷாட் இறுதிச்சுற்று எவ்வளவோ மேல். அதைக் கைவிட்டது நல்லது.

நெல்லைக்காரன்:
அதில் உங்களோடு உடன்படுகிறேன். சரி, முழுதாகக் கூட்ட வேண்டாம். சமன் வந்தாலாவது தகுதிச்சுற்றைப் பாருங்கள் என்கிறேன். பாரிஸ் மகளிர் இறுதியில் தென் கொரியாவின் பான் ஹியோ-ஜின், சீனாவின் ஹுவாங் யூடிங் இருவருமே 251.8. பான் தகுதிச்சுற்றில் 634.5 எடுத்து ஒலிம்பிக் சாதனை வைத்தவர். அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை மறுபடியும் ஒரு ஷாட்டுக்கு நிறுத்தினார்கள்.

கோவை ரேஞ்ச்:
10.4-க்கு 10.3, பான்தான் வென்றார். வித்தியாசம் கால் மில்லிமீட்டர். அந்த ஷாட் இல்லாமல் தங்கத்தைக் கையில் கொடுத்திருந்தால் அவருக்கே பிடித்திருக்காது, அண்ணா.

நெல்லைக்காரன்:
அந்த ஷாட் 10.2-வாகப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் தம்பி?