கூழாங்கல்: அம்மாவுக்கு ஏன் ஒரு வசனம்கூட இல்லை?

மொட்டைமாடி:
ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு, நேற்று சோனிலிவ் ஓடிடியில் கூழாங்கல் படம் பார்த்தேன். 75 நிமிடம்தான், ஆனால் மூன்று மணி நேரம் மாதிரி இருந்தது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியைத் தேடி, குடிகார அப்பா கணபதி கிளம்புகிறார். வகுப்பில் இருந்த மகன் வேலுவையும் இழுத்துக்கொண்டு போகிறார். அங்கே மச்சானோடு அடிதடி. அதற்குள் அவள் கணவன் வீட்டுக்கே திரும்பக் கிளம்பிவிட்டாள் என்று தெரிகிறது. பிறகு வெயிலில் நடை, நடை, நடை. 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது, அதே வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் தேர்வு. ஏன் என்று புரிகிறது. வெடித்த நிலம், பீடிப்புகை, எலி சுட்டுத் தின்னும் குடும்பம் என்று வெளிநாட்டு விழாக்காரர்களுக்கு நம்மைப் பற்றி என்ன தேவையோ அது அப்படியே இருக்கிறது. வறுமைக்கு அழகான ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அல்லி:
எலி பிடிக்கிற காட்சியில் யாராவது அழுதார்களா? பரிதாபமாக ஒரு வயலினாவது கேட்டதா? யுவன் இசை என்று பெயர் போடுகிறார்கள், படத்தில் இசையைத் தேடத்தான் வேண்டும். வளையில் புகை போடுகிறார்கள், எலி வெளியே வருகிறது, பிடிக்கிறார்கள். அது அவர்களுடைய அன்றைய வேலை. பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்று நினைத்தது நீங்கள். படம் அப்படி நினைக்கவில்லை.

கண்மாய்க்கரை:
நான் மேலூர்ப் பக்கம். எனக்கு வேறு வருத்தம். அரிட்டாபட்டி வட்டாரத்தில் எடுத்த படம் இது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர். மலை, சுனை, கண்மாய், கழுகு எல்லாம் உண்டு. படத்தைப் பார்த்தால் ராஜஸ்தான் மாதிரி இருக்கிறது! வெளியூர் நண்பன் ஒருவன், 'உங்க ஊர்ல மரமே இல்லையா'ன்னு கேட்டுவிட்டான்.

அல்லி:
கோடையில் நடுப்பகல் வெயிலுக்காகவே காத்திருந்து எடுத்த படம் அண்ணே. மார்கழியில் எடுத்திருந்தால் பச்சை தெரிந்திருக்கும், கதை இருந்திருக்காது.

கண்மாய்க்கரை:
அதுவும் சரிதான். எங்களுக்குப் பெரியாறு கால்வாயின் கடைமடை. தண்ணீர் திறந்தாலும் கடைசியாகத்தான் வரும், சில வருடம் வராது. சித்திரை, வைகாசியில் செருப்பில்லாமல் நடந்தால் கால் பழுத்துவிடும். அந்தப் பையன் தாகத்துக்குக் கல்லை வாயில் போட்டுக்கொள்கிறானே, ஆடு மேய்க்கிற பிள்ளைகள் நிஜமாகவே செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

டிக்கெட்கிழி:
பத்து வருடம் தியேட்டரில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். இந்தப் படத்தைத் திரையில் போட்டிருந்தால் இடைவேளையில் பாதிப் பேர் வண்டியை எடுத்திருப்பார்கள். இதே இயக்குநர் வினோத்ராஜின் கொட்டுக்காளி 2024-ல் தியேட்டருக்கு வந்தபோது, முடிவே இல்லையே என்று கத்தினார்களே, மறந்துவிட்டதா? விருது வேறு, வெள்ளிக்கிழமை வேறு.

மொட்டைமாடி:
அதை விடுங்கள், மெதுவாகப் போவது எனக்குப் பிரச்சினையே இல்லை. தலைப்பில் கேட்ட என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. படம் முழுக்க அந்த அம்மா சாந்தியைப் பற்றித்தான் பேச்சு. அவள் பேசுவது ஒரு வரிகூட இல்லை. இயக்குநரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே பிறந்த வீடு வந்து சேர்ந்தாராம். கதை அங்கிருந்துதான் பிறந்தது. நடந்தவள் பெண். படத்தில் நடப்பவன் ஆண். அடி வாங்கியவளை எடுத்துவிட்டு, அடித்தவன் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா போகிறது. இதை எந்த விமர்சகரும் கேட்கவில்லை.

அல்லி:
இப்போதுதான் விவாதம் மாதிரி இருக்கிறது. நான் இதை நேர் எதிராகப் பார்க்கிறேன். அந்த மனிதனை அதே வெயிலில், அதே தூரம் நடக்க வைப்பதுதான் தண்டனை. நடக்க வைப்பது யார்? பையன். அப்பா கொடுத்த பஸ் காசைக் கிழித்துப் போடுகிறானே, ஏன்? பஸ் ஏறினால் அப்பா சீக்கிரம் வீடு போய்விடுவார். போனால் அம்மா கதி என்ன என்று அவனுக்குத் தெரியும். அடி வாங்கிக்கொண்டு அம்மாவுக்குச் சில மணி நேரம் வாங்கிக் கொடுக்கிறான். வழியில் கண்ணாடித் துண்டை வைத்து அப்பா முதுகில் வெயிலைக் குத்துகிறான், அவனால் முடிந்த அடி அது. அந்தச் சில மணி நேரம் அம்மா திரையில் இல்லாமல் இருப்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது. கணபதி எங்கே இருக்கிறானோ அங்கே அவள் இல்லை. குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நான் வளர்ந்தேன். சாயங்காலம் கேட் சத்தம் கேட்கிற வரைக்கும் கிடைக்கும் அமைதி தனி.

மொட்டைமாடி:
காசு கிழிப்பதை வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு. ஆனாலும் தண்டனை என்ற வாதம் எடுபடவில்லை. வீடு போனதும் அந்த ஆள் திருந்தினானா? களைத்துப்போனான், அவ்வளவுதான். களைப்பு ராத்திரியோடு போய்விடும்.

அல்லி:
திருந்தினான் என்று நான் சொல்லவே இல்லையே. அந்தப் பையன் வாயிலிருந்த கல்லை எடுத்து வீட்டில் வைக்கிற இடத்தைப் பார்த்தீர்களா? அங்கே ஏற்கெனவே எத்தனை கற்கள்! இது முதல் நடை இல்லை.

டிக்கெட்கிழி:
அட, இதை நான் கவனிக்கவே இல்லை. கல் சேர்க்கிற பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

கண்மாய்க்கரை:
கடைசிக் காட்சியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஊற்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊறி வர வரச் சுரண்டிச் சுரண்டிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். மொட்டைமாடி தம்பி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.

மொட்டைமாடி:
பார்க்கிறேன் அண்ணே. எலி விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரப்போவதில்லை.