க்ரூகர் யானைகள்: சுடுவதை நிறுத்தியது சரியா?

கருவேலன்:
போன வருஷம் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஒரு மருலா மரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரிந்து, தந்தம் குத்திய தடம் ஆள் உயரத்துக்கு இருந்தது. மேலே ஒரு இலை இல்லை. 1967 முதல் 1994 வரை சுட்டுச் சுட்டு யானைகளை ஏழாயிரத்தை ஒட்டியே வைத்திருந்தார்கள். நிறுத்தினார்கள், 2012-ல் 13,000-ஐத் தாண்டிவிட்டது. பூங்கா என்னவோ அதே கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர்தான். பெரிய மரமெல்லாம் போனால் பிணந்தின்னிக் கழுகான பாறு எங்கே கூடு கட்டும்?

சுனைநீர்:
மரத்தைப் பார்த்தீர்கள், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்ததா என்று பார்த்தீர்களா? முந்நூறுக்கும் மேல் ஆழ்துளைக் கிணறு போட்டது யார், யானையா? தண்ணீர் தேடி அலைய வேண்டிய கூட்டம் தொட்டியடியிலேயே தங்கினால் சுற்றியுள்ள மரம் மொட்டையாகத்தான் ஆகும். வடக்கே ரோன் மானுக்கு நடந்ததைப் பாருங்கள். தொட்டிக்கு வரிக்குதிரை வந்தது, அதன் பின்னாலேயே சிங்கம் வந்தது. 1986-ல் சுமார் 450 இருந்த மான், 1993-ல் 45. இதில் யானைக்குப் பங்கே இல்லை.

கருவேலன்:
நடுவில் 1991-92-ன் கடும் வறட்சியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? சரி, தொட்டி வைத்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். பாதிக்கு மேல் மூடியும் ஆயிற்று. அப்புறமும் எண்ணிக்கை ஏறத்தானே செய்தது?

குன்றிமணி:
சுட்டதால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன். பெரியவற்றைச் சுட்டுவிட்டுக் குட்டிகளை பிலனெஸ்பெர்க் என்ற இன்னொரு பூங்காவுக்கு அனுப்பினார்கள். கண்டிக்க ஆளில்லாமல் வளர்ந்த அந்த இளவட்டங்கள், வயதுக்கு முன்பே மதம் பிடித்துத் தொண்ணூறுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-ல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய கொம்பன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பயல்கள் அடங்கிவிட்டார்கள்.

கருவேலன்:
அப்படியானால் குட்டியோடு சேர்த்துச் சுடுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வேறு என்னதான் வழி?

சுனைநீர்:
இடம் விட வேண்டும். 2002-லிருந்து மொசாம்பிக் பக்கத்து வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்களே.

கருவேலன்:
அந்தப் பக்கம் மக்காச்சோளக் கொல்லையும் குடிசையும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டீர்களா?

இன்னொன்று. தொட்டி இருந்ததா என்று கேட்டீர்களே, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால், தள்ளி, தண்ணீர் இறைக்கும் ஒரு காற்றாடிக் கம்பம் நிற்கிறது. இறக்கை இல்லை. எப்போதோ மூடிய கிணறு போல. அதை யார் கணக்கில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.