ஹ்லெப்பைக் கெடுத்தது பார்சிலோனாவா, அவர் கால்களா?

(நடுக்களம், ஸ்கோர்போர்டு, போரிசோவ் 99 என்ற புனைபெயர்களில் மூன்று கால்பந்து ரசிகர்களின் வாதம்)

நடுக்களம்:
2008 கோடையில் இங்கிலாந்தின் ஆர்சனலை விட்டுப் பார்சிலோனாவுக்குப் போன நாளோடு பெலாரஸ் நடுக்கள வீரர் அலெக்சாண்டர் ஹ்லெப்பின் ஆட்டம் முடிந்தது. இதுதான் என் கட்சி. அப்போது அவருக்கு வயது 27. முந்தைய சீசனில் ஃபப்ரிகாஸ், ஃபிளமினி, ரொசிட்ஸ்கி, ஹ்லெப் நால்வரும் ஆடிய நடுக்களம் ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கரின் பிற்காலத்தில் சிறந்தது. போன இடத்தில் ஒரே சீசன். பிறகு ஸ்டட்கார்ட், பர்மிங்ஹாம், வொல்ஃப்ஸ்பர்க் என மூன்று கிளப்புக்கு லோன், அதாவது இரவல். 2012 ஜனவரியில் ஒப்பந்தமே ரத்து. ஆர்சனலை விட்டது தவறு என்று அவரே பேட்டிகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஸ்கோர்போர்டு:
அந்த நால்வரில் மற்றவர்களைப் புகழுங்கள், சரி. ஹ்லெப் மூன்று சீசனில் லீக்கில் 89 ஆட்டம் ஆடி 7 கோல். கோலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஆடுகிறவருக்கு இது போதுமா? அவர் இடத்துக்கு வந்த நஸ்ரி, வெஸ்ட் பிராமுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் நான்காவது நிமிடத்திலேயே கோல் போட்டார். ஹ்லெப்பை விற்றதில் ஆர்சனலுக்கு நஷ்டமே இல்லை. ஃபிளமினியைப் பணம் வாங்காமல் விட்டதுதான் நஷ்டம்.

நடுக்களம்:
கோல் எண்ணிக்கையை வைத்து ஹ்லெப்பை அளந்தால் எதுவும் பிடிபடாது, தலைவா. பந்து வரும்போதே உடம்பு பாதி திரும்பியிருக்கும். வெளிப்பாதத்தால் மெல்ல ஒரு தட்டு. அப்புறம் எதிராளி காலை நீட்டும் வரை காத்திருப்பார். நீட்டினால் அவன் காலி. நீட்டாவிட்டால் உதவிக்கு இரண்டாவது ஆள் வந்தாக வேண்டும். அவன் நகர்ந்த இடத்தில் ஃபப்ரிகாஸ் தனியாக நிற்பார், வெளியே வலப்பக்கத் தடுப்பாளர் சாக்னா ஓடியிருப்பார். முன்கள வீரர் அடெபயோர் அந்த சீசன் லீக்கில் அடித்த 24 கோலுக்கும் இந்த இழுபறியில் பங்கு உண்டு. ஸ்கோர்போர்டில் அது வராது.

ஸ்கோர்போர்டு:
நடுவட்டத்துப் பக்கம் அது சரி. பெனால்டி பெட்டியை நெருங்கினால் கதை வேறு. இந்த ஆள் கோலை நோக்கி உதைக்க மாட்டான் என்று தெரிந்த பிறகு தடுப்பாளர் நெருங்கவே தேவையில்லை. இரண்டடி தள்ளி நின்று பாஸ் போகும் வழியை அடைத்தால் போதும். எதிராளி வரவில்லை என்றால் உங்கள் 'காத்திருக்கும்' வித்தையே செல்லாது. தங்கள் கோல் பக்கம் ஒதுங்கி நின்று தடுத்த அணிகளிடம் ஆர்சனல் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுக்களம்:
லிவர்பூலுடன் 2008 ஏப்ரல் 2, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முதல் ஆட்டம். பெட்டிக்குள் புகுந்த ஹ்லெப்பை லிவர்பூலின் கெய்ட் கையைப் பிடித்து இழுத்தார். நடுவர் பெனால்டி தரவில்லை, ஆட்டம் 1-1. இரண்டாவது ஆட்டத்தில் 4-2 என்று வெளியே. எதிராளி நெருங்கவே இல்லை என்கிறீர்களே, இது என்ன?

ஸ்கோர்போர்டு:
அது பெனால்டிதான், மறுக்கவில்லை. ஒரு இழுப்பை வைத்து மூன்று சீசனை மூடாதீர்கள்.

போரிசோவ் 99:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இவர் எங்கே போனாலும் வேர்பிடிக்க நாளாகும். 1999இல் இவர் ஆடிய பாட்டே போரிசோவ் கிளப் முதல்முறை பெலாரஸ் சாம்பியன் ஆனபோது இவருக்கு 18 வயது. 2000இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் போனார். அங்கே ஆட்டத்தை நடத்தியவர் பலாகோவ். ஹ்லெப்புக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. 2002-03இல் மகாத் பயிற்சியில் அணி இரண்டாம் இடம், அடுத்த சீசன் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று சாய்த்தது. ஆர்சனலிலும் முதல் சீசனில் நாட்டுக்காக ஆடப்போய் முழங்கால் காயம், பல வாரம் வெளியே. சீசன் முடிவில்தான் சூடு பிடித்து, பாரிஸில் நடந்த 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் முதல் பதினொருவரில் இருந்தார்.

பார்சிலோனாவில் அந்த அவகாசம் எங்கே? பயிற்சியாளர் குவார்டியோலாவின் 4-3-3 அமைப்பில் வலம் மெஸ்ஸி, இடம் ஆன்ரி, நடுவே எட்டோ. மூவரும் சேர்ந்து அந்த சீசன் 100 கோல். உட்பக்கம் ஷாவி, இனியெஸ்டா. விங்கில், அதாவது ஓரத்தில் போட்டால் கோட்டை ஒட்டி நிற்கச் சொல்வார்கள். இவருக்கோ பந்து தேடி உள்ளே வராவிட்டால் கை கால் ஓடாது. வந்தால் இனியெஸ்டாவின் இடத்தில் நெரிசல். உள்ளே போட்டால் பந்தை இரண்டு தொடுதலில் விட வேண்டும். இவர் ஐந்தாறு தொடுதல் பிடித்து எதிராளியை இழுக்கும் ஆள். லீக்கில் 19 ஆட்டம், கோல் இல்லை. கிளப் மூன்று கோப்பை எடுத்தது, ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இவர் ஆடவில்லை.

நடுக்களம்:
அப்படியானால் என் கட்சிக்குத்தானே வருகிறீர்கள்?

போரிசோவ் 99:
பாதிதான். 2009இல் இப்ராகிமோவிச்சை இத்தாலியின் இண்டரிடமிருந்து பார்சிலோனா வாங்கிய பேரத்தில் இவரை இண்டருக்கு லோனில் அனுப்பப் பேச்சு நடந்தது. இவர் பழைய ஸ்டட்கார்ட்டே போதும் என்றார். இண்டர் அந்த சீசன் மூன்று கோப்பையும் எடுத்தது. ஸ்டட்கார்ட்டைச் சாம்பியன்ஸ் லீக்கில் தன் கேம்ப் நோ மைதானத்தில் பார்சிலோனாவே 4-0 என்று அனுப்பிவைத்தது. அந்த முடிவுக்குக் குவார்டியோலா பொறுப்பல்ல.

ஸ்கோர்போர்டு:
பர்மிங்ஹாமையும் சேருங்கள். 2011 லீக் கோப்பையை ஆர்சனலிடமிருந்தே எடுத்த அணி, அதே சீசனில் 18ஆம் இடத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஓடித் தடுக்கும் அணியில் பந்தே கைவசம் இல்லாதபோது இவரை எங்கே நிறுத்துவது? வொல்ஃப்ஸ்பர்க்கில் முழங்கால் விடவில்லை.

போரிசோவ் 99:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2012 அக்டோபர் 2 மின்ஸ்க் ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள். பாட்டே 3, பயர்ன் மியூனிக் 1. அந்தப் பயர்ன்தான் அடுத்த மே மாதம் வெம்ப்லியில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை தூக்கியது. பாட்டேக்குத் திரும்பியிருந்த ஹ்லெப்புக்கு 31 வயது, ஓட்டம் குறைந்துவிட்டது. கோல் போட்டவர்கள் பாவ்லோவ், ரொடியோனோவ், பிரெசான்.

ஸ்கோர்போர்டு:
பட்டியலில் இவர் பெயர் இல்லையே, பார்த்தீர்களா?

நடுக்களம்:
முழு ஆட்டத்தையும் பாருங்கள் ஐயா, பட்டியலை அல்ல.