ஆர்டர் தைச்சுத் தைச்சுக் கை ஓய்ஞ்சு போச்சு, என்ன பண்றது?

கட்பீஸ்காரி (ஈரோடு):

தோழிகளே, மூணு மாசமா மிஷின் மூடியைத் திறக்கல. கட்டிங் மேட் மேல இப்ப துவைச்ச துணிதான் மடிச்சு அடுக்கிட்டிருக்கேன்.

போன வருஷம் தங்கச்சி குழந்தைக்கு ஒரு க்வில்ட் (துண்டுத்துணி ஒட்டுப்போர்வை) தைச்சேன். 36க்கு 45 இஞ்ச், மஞ்சளும் சாம்பலும், முக்கோணங்களைச் சேர்த்துத் தைக்கிற காத்தாடி பிளாக். போட்டோ வாட்ஸப்ல சுத்துச்சு. "எனக்கும் அதே மாதிரி வேணும்"னு ஆரம்பிச்சது, 14 தைச்சுக் கொடுத்தாச்சு. அதே காத்தாடி, அதே மஞ்சள். பிளாக்குக்கு 8 முக்கோணம், போர்வைக்கு 20 பிளாக். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராம கணக்குப் போட்டேன்: 2,240 முக்கோணம்!

பதினஞ்சாவதுல ஏழு பிளாக் முடிஞ்சதும் கை நின்னுடுச்சு. அட்வான்ஸ் வேற வாங்கியாச்சு. சரி, நமக்குன்னு ஏதாவது தைப்போம்னு சுங்குடி நாலு மீட்டர் வாங்கினேன். விரிக்கிறேன், பாக்கறேன், மடிச்சு வைக்கிறேன். ரூலரைக் கையில எடுத்தாலே கொட்டாவி வருது. "அம்மா, நீ தைக்கிறியா, துணிக்கடை வைக்கப் போறியா?"ன்னு பொண்ணு கேக்கறா.

இப்படி ஆனவங்க இருந்தா எப்படி மீண்டு வந்தீங்கன்னு சொல்லுங்க. "பாசிட்டிவா இருங்க"ன்னு மட்டும் வேண்டாம்.

பாபின் பாட்டி:

ஊசி எப்ப மாத்தினே கண்ணு? எட்டு மணி நேரம் ஓடினா ஊசி மழுங்கிடும். நீ 14 போர்வை தைச்சிருக்கே! எனக்கும் ஒருதரம் ஆறு மாசம் மனசே ஓடலை. வயசாயிடுச்சு போலன்னு நெனச்சேன். கடைசியில பார்த்தா நூல் அறுந்து அறுந்து வந்த எரிச்சல்தான் அது. ஊசிக்குக் கீழ இருக்கிற தட்டைக் கழட்டி, துணியை நகர்த்தற பல்லுக்கு அடியில பிரஷ் போட்டுத் தொடச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. மனசை அப்புறம் பாத்துக்கலாம்.

நூல்கண்டு (நியூஜெர்சி):

உங்க கதையைப் படிச்சதும் ஜீஸ் பெண்ட் பெண்கள் ஞாபகம்தான் வந்தது. அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் கறுப்பினத்தவர் ஊர். அந்தப் பகுதிப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் (வரிவரியான தடித்த துணி) தலையணை உறை தைக்கும் ஆர்டர் வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி, உங்க காத்தாடி போலத்தான். ஆனா மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீட்டுக்குப் போய், அவரவர் இஷ்டத்துக்குக் கோணல்மாணலாகப் போர்வை ஆச்சு. பழுப்பு, பச்சை, தங்க நிறம்னு அந்தப் பட்டைகளில் ஒன்றுகூட நேராக இருக்காது! 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்த ஊர் க்வில்ட்களைச் சுவரில் மாட்டினார்கள். நாலு வருஷம் கழித்துத் தபால்தலையே வந்தது.

ஆர்டரில் மிஞ்சிய மஞ்சள் எங்கே வைத்திருக்கீங்க? அதை ரூலர் இல்லாமல், வெறும் கத்தரியில் வெட்டிப் பாருங்க.

சிர்சி மருமக:

அக்கா, நான் வாக்கப்பட்டது கர்நாடகாவுல உத்தர கன்னடா. இந்தப் பக்கம் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி'ன்னு ஒட்டுப்போர்வை தைப்பாங்க. அவங்க முன்னோர் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க. மிஷின் கிடையாது, அளவு கிடையாது. பழைய புடவையை விரிச்சு, ஓரத்துல ஆரம்பிச்சு, துண்டோட விளிம்பை உள்ள மடிச்சு மடிச்சு ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே நடுவுக்கு வருவாங்க. கடைசியில நாலு மூலையிலயும் 'ஃபூலா'ன்னு ஒரு துணிப்பூ. அது இல்லேன்னா போர்வை அம்மணமா இருக்கிற மாதிரியாம்! அடுத்த துண்டு எதுன்னு கையில எடுக்கும்போதுதான் தெரியும். உங்களுக்கு இதுதான் மருந்து.

கணக்குப்புள்ள:

எல்லாரும் கலை பேசறீங்க. அட்வான்ஸ் கொடுத்தவங்க பாவம் இல்லையா? முதல்ல அவங்களுக்கு ஒரு போன் போடும்மா.

கட்பீஸ்காரி (மூணு வாரம் கழித்து):

பாட்டி சொன்னபடி தட்டைக் கழட்டினேன். நகக் கனத்துக்குக் கம்பளம் மாதிரி பஞ்சு, அப்படியே மஞ்சள் கலர்! அதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

கவந்தி ஆரம்பிச்சேன். அடியில மாமியாரோட நைஞ்ச சுங்குடி. இருபது இஞ்ச்தான், பெரிசா எடுக்கத் தைரியம் இல்ல. குக்கர் விசில் வர்றதுக்குள்ள ஒரு துண்டுன்னு தைச்சேன். ஒரு மூலை படுக்கவே மாட்டேங்குது, நாய்க்காது மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. நடுவுல உள்ளங்கை அளவு ஓட்டை மிச்சம். எந்தத் துணி வச்சாலும் சேரல. கடைசியில ஆர்டர்ல மிஞ்சின மஞ்சள் முக்கோணம் ஒண்ணைத் திருப்பிப் போட்டேன், கச்சிதமா உக்காந்துச்சு. 2,241.

போனும் போட்டேன். "கலர் மாத்தித் தரட்டுமா?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டா, அந்தம்மா, "எனக்கு மஞ்சளே புடிக்காதுங்க, எல்லாரும் அதையே வாங்கறாங்கன்னு கேட்டேன்"கறாங்க. இப்ப மிஷின்ல நீலம் ஓடுது.

சிர்சி தங்கச்சி, ஃபூலாவுக்குத் துணியை எத்தனை மடிப்பு மடிக்கணும்? என்னோடது பூ மாதிரி இல்ல, வெத்தலை மடிச்ச மாதிரி வருது.