கிளாஸ்கோ குளிர்காலம்: வைட்டமின் டி 19, ஊரிலிருந்து வந்த 60,000 ஐ.யூ. பொட்டலங்களைச் சாப்பிடலாமா?

வைகைக்கரையாள், கிளாஸ்கோ:

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து இங்கே குடிவந்து இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். தாய்ப்பாலும், இப்போதுதான் ஊட்டத் தொடங்கியிருக்கும் பருப்புச் சாதமும்தான் அவளுடைய உணவு. அக்டோபர் கடைசியிலிருந்து எனக்கு இடுப்பிலும் தொடையிலும் இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு வலி இருந்துவருகிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பற்ற வேண்டியிருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் ஜி.பி. என்ற இங்குள்ள குடும்ப மருத்துவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 19 என்று வந்தது. வாரம் ஒன்றாக ஆறு வாரங்களுக்கு 50,000 ஐ.யூ. (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுப்பதை அன்றைய அவசரத்தில் சொன்னேனா என்பது நினைவில்லை.

என் குழப்பம் இதுதான். சென்னையில் இருக்கும் என் தம்பிக்கும் போன வருடம் இதே 19 வந்தது. அவனுடைய மருத்துவர் கொஞ்சம் குறைவு என்றாரே தவிர பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே மட்டும் ஏன் மிகக் குறைவு என்கிறார்கள்? அம்மா அப்பளத்தோடும் பருப்புப் பொடியோடும் சேர்த்து 60,000 ஐ.யூ. பொடிப் பொட்டலங்கள் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறார். நாங்கள் சைவம் என்பதால் கேப்ஸ்யூலின் உறையை நினைத்துத் தயங்குகிறேன். பதிலாக இந்தப் பொடியையே சாப்பிடலாமா? குழந்தைக்கு நண்பகலில் ஜன்னலோரம் சற்று வெயில் காட்டுகிறேன், அது போதுமா? என் கணவர் குளிர்காலச் சோர்வுக்கென்று மேசையில் வைக்கும் பிரகாசமான விளக்கு ஒன்றை வாங்கிவந்திருக்கிறார். அதன் எதிரே உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைக்குமா?

ஆவடி வாசகர்:

சகோதரி, நம் பாட்டிமார்கள் எந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டார்கள்? தினமும் ஒரு மணி நேரம் முகத்திலும் கையிலும் வெயில் படும்படி வெளியே நடந்துவாருங்கள். மருந்துக் கம்பெனிகளை வாழவைக்க வேண்டியதில்லை.

மருந்தாளுநர், லெஸ்டர்:

சகோதரிக்கு வணக்கம். நான் படித்தது கிளாஸ்கோவில் என்பதால் அந்த டிசம்பரை நன்றாக அறிவேன். முதலில் உங்கள் 19 பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விக்கும் அதுதான் அடிப்படை.

சென்னை ஆய்வகங்கள் பெரும்பாலும் நானோகிராம்/மில்லிலிட்டர் என்ற அலகில் எண்ணைத் தருகின்றன, பிரிட்டனில் நானோமோல்/லிட்டர். முதலாவதை இரண்டரையால் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். ஆகவே உங்கள் தம்பியின் 19 இங்கே ஏறத்தாழ 47. உங்களுடைய 19 அங்கே ஏறத்தாழ ஏழரை. ஏழரை என்றாலே நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இந்த ஒரு இடத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கே 25-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றும், 25-இலிருந்து 50 வரை சிலருக்குப் போதாமல் இருக்கலாம் என்றும், 50-க்கு மேல் பெரும்பாலோருக்குப் போதும் என்றும் கொள்கிறார்கள். தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்படுவதாக நீங்கள் எழுதியிருப்பது, எலும்பில் சுண்ணச்சத்து (கால்சியம்) சரியாகப் படியாமல் மென்மையாகிப்போகும் ஆஸ்டியோமலேசியாவில் தொடை, இடுப்புத் தசைகள் வலுவிழக்கும்போது நோயாளிகள் சொல்லும் அதே வார்த்தைகள். அதுதான் என்று இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. ஆனால் இரத்தத்தில் கால்சியமும், எலும்பின் நிலையைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் பார்த்தார்களா என்று ஜி.பி.யிடம் கேளுங்கள்.

உங்களுக்கு எழுதிக்கொடுத்தது இங்கே வழக்கமான சிகிச்சைதான். ஆறு முதல் பத்து வாரங்களுக்குள் மொத்தம் ஏறத்தாழ 3 இலட்சம் ஐ.யூ. கொடுத்து இருப்பை நிரப்புவார்கள். வாரம் 50,000 வீதம் ஆறு வாரம் என்பது அதே 3 இலட்சம். அது முடிந்த பிறகு தினமும் 800 முதல் 2,000 ஐ.யூ. வரை தொடரச் சொல்வார்கள். ஆனால் தாய்ப்பால் கொடுப்பவருக்கு எந்த அளவு, எந்த முறை என்பதை மருத்துவர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். ஆகையால் முதல் கேப்ஸ்யூலை விழுங்குமுன் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கல், உறுப்புகளில் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கும் சார்கோய்டோசிஸ், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கோளாறு போன்றவை இருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வைட்டமின் டி கால்சியத்தை வேண்டாத அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். நிரப்பும் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கால்சியத்தை ஒருமுறை பார்ப்பதும் இதற்காகத்தான்.

சைவம் பற்றிக் கேட்டீர்கள். உறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கிலிருந்து வருவதே. உறை இல்லாத பொடியிலும் உள்ளே இருக்கும் டி3 என்ற வைட்டமின் டி வகை பெரும்பாலும் செம்மறியாட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவதுதான். ஆட்டைக் கொல்லாமல் எடுப்பது என்பதால் பல சைவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பாறைப்பாசி போன்ற லைக்கன் என்ற உயிரிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது. உங்கள் தயக்கத்தை மருந்துக்கடையில் சொன்னால் ஜெலட்டின் இல்லாத உறையிலோ நீர்ம வடிவிலோ தேடித் தருவார்கள். ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது கொழுப்பில் கரையும் சத்து; வெறும் வயிற்றில் காப்பியோடு விழுங்காமல், இட்லிப் பொடியில் தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளும் வேளையில் சாப்பிடுங்கள்.

அம்மா அனுப்பிய பொட்டலத்தை இப்போதைக்கு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பிரிட்டனில் குளிர்காலத்துக்குப் பரிந்துரைக்கும் 10 மைக்ரோகிராம் என்பது 400 ஐ.யூ. 60,000-ஐ 400-ஆல் வகுத்துப் பாருங்கள்: 150 நாள். அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலான இருட்டுக் காலத்தின் பெரும்பகுதிக்கான அளவு ஒரு பொட்டலத்தில் இருக்கிறது. பொட்டலம் மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. கேப்ஸ்யூலோடு சேர்த்து அதையும் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து.

காவேரிப்பட்டினத்தான், கவன்ட்ரி:

மேலே மருந்தாளுநர் மென்மையாகச் சொன்னதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அப்பா எங்களோடு தங்க வந்தார். முழங்கால் வலிக்கென்று ஊரில் ஒரு மருத்துவர் வாரம் ஒரு பொட்டலம் எழுதியிருக்கிறார். மருந்துக்கடையில் கவரின் மேல் பேனாவால் 1 என்று மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதை நாள் ஒன்றுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு, இரவுப் பாலில் கலக்கி முறையாகக் குடித்துவந்தார். கூடவே கால்சியம் மாத்திரை வேறு.

முதலில் மலச்சிக்கல், ஊர் மாற்றம் என்றோம். பிறகு தீராத தாகம். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். சர்க்கரையோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. ஒருநாள் காலையில் பேத்தியின் பெயரை மறந்து, என் அத்தையின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். மருத்துவமனையில் இரத்தத்தில் கால்சியம் மிகவும் ஏறியிருந்தது தெரிந்து, நாள்கணக்கில் சலைன் ஏற்றினார்கள். சமையலறைக் குப்பைத்தொட்டியில் கிழித்த பொட்டல உறைகளைப் பார்த்த பிறகுதான் காரணம் விளங்கியது. அதிகமாகச் சென்ற வைட்டமின் டி உடற்கொழுப்பில் தங்கிவிடுவதால், மருந்தை நிறுத்திய பிறகும் கால்சியம் சரியாகப் பல வாரங்கள் ஆயின. இப்போது எங்கள் வீட்டில் எந்த மருந்து உறையின் மேலும் கிழமையின் பெயரை முழுதாக எழுதிவைக்கிறோம்.

வடமராட்சியான், ஓஸ்லோ:

தங்கச்சி, நான் இந்த இருட்டுக்குள் வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆவடி வாசகர் அண்ணர் வெயிலில் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஆவடியில் அது நல்ல அறிவுரைதான். கிளாஸ்கோவில் டிசம்பர் 21 அன்று உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்திலிருந்து 11 பாகைக்கும் குறைவாகவே ஏறுகிறது. உங்கள் நிழலைப் பார்த்தால் தெரியும்: உங்கள் உயரத்தைப் போல ஐந்து மடங்கு நீண்டு வீதியின் அடுத்த பக்கம் வரை விழுந்து கிடக்கும். அதே நாளில் மதுரையில் நிழல் உங்கள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். தோலில் வைட்டமின் டியை உண்டாக்குவது 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா பி கதிர். சூரியன் அவ்வளவு சாய்ந்து நிற்கும்போது ஒளி வளிமண்டலத்துக்குள் நெடுந்தூரம் வருவதால், அந்தக் கதிரை ஓசோன் ஏறக்குறைய முழுவதும் வடித்துவிடுகிறது. வெளிச்சம் வருகிறது, வேண்டிய கதிர் வருவதில்லை. ஒரு மணி நேரம் அல்ல, நாள் முழுக்க நின்றாலும் சளிதான் மிச்சம். கோடையில் கதை வேறு. ஆனால் அப்போதும் நமது தோலில் உள்ள மெலனின் அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துக்கொள்வதால், வெள்ளையருக்குப் போதுமான நேரம் நமக்குப் போதாது. அதனால்தான் கருந்தோல் உடையோர் வருடம் முழுவதும் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்கச் சொல்லுகிறார்கள்.

ஜன்னல் கண்ணாடி இருக்கும் கொஞ்ச நஞ்சக் கதிரையும் மறித்துவிடும். பிள்ளையை அங்கே கிடத்துவது இதமாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் கணவர் வாங்கிய விளக்கும் அப்படியே. அது மனச்சோர்வுக்கு ஆனது, கண்ணுக்குள் போகும் வெளிச்சத்துக்கானது. புறஊதாக் கதிரை வடிகட்டித்தான் அவற்றைச் செய்கிறார்கள். காலையில் அதன் முன்னால் இருந்து தேநீர் குடிக்கட்டும், தடையில்லை; வைட்டமின் டியை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

நோர்வேக்காரர் இதற்கென்று கொட் மீனின் ஈரல் எண்ணெயைக் குடிப்பார்கள். பெயரில் ஆர் எழுத்து வரும் மாதமெல்லாம், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, காலையில் ஒரு கரண்டி. வந்த புதிதில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே கருவாட்டு வாடை என்று மனுசி சண்டை பிடித்தவ. இப்போது அவதான் பேரப்பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுகிறவ. நீங்கள் சைவம் என்பதால் அது உங்களுக்கு ஆகாது. வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதில் வைட்டமின் ஏயும் இருப்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்கும்படி பிரிட்டனில் சொல்லுகிறார்கள்.

ஆவடி வாசகர்:

நிழல் கணக்கை வாசித்தேன். நான் எழுதியதை அங்கே பொருத்தக்கூடாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம்: இங்கே எல்லா வியாதிக்கும் வைட்டமின் டி குறைவு என்று சொல்லி எழுதித் தள்ளுகிறார்களே, அது சரியா?

மருந்தாளுநர், லெஸ்டர்:

ஐயா, அந்தச் சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த வைட்டல் என்ற பெரிய ஆய்வில், தினமும் 2,000 ஐ.யூ. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ எலும்பு முறிவோ குறையவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே குறைபாடு இல்லை. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றிப் பார்த்த சோதனை அது. ஆரோக்கியமான எல்லாருக்கும் வழக்கமாக இரத்தத்தில் வைட்டமின் டி பார்க்க வேண்டாம் என்று 2024-இல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியும் சொல்லிவிட்டது. இந்தச் சகோதரி வேறு வகை: அறிகுறி இருக்கிறது, எண் 25-க்குக் கீழே இருக்கிறது. கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸும் (வளரும் பிள்ளைகளின் எலும்பு மென்மையாகி வளையும் நோய்) ஆஸ்டியோமலேசியாவும் இருப்பதை 1962-இலேயே அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். 1970களின் இறுதியில் ஆசியக் குழந்தைகளுக்கு இலவசமாக வைட்டமின் டி கொடுக்கும் இயக்கமே அந்த நகரில் நடந்தது.

வைகைக்கரையாள், கிளாஸ்கோ:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை ஜி.பி. அலுவலகத்துக்குப் பேசினேன். தாய்ப்பால் கொடுப்பது அவர்களுடைய குறிப்பில் இல்லை. மருத்துவர் திரும்பக் கூப்பிட்டு, வாரக் கேப்ஸ்யூலுக்குப் பதிலாகத் தினமும் எடுக்கும் மருந்தாக மாற்றித் தந்து, நாளை கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க இரத்தம் எடுக்க வரச் சொன்னார். பொட்டலங்களை மேல்தட்டில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. குழந்தைக்கு ஜன்னல் வெயில் போதாது என்று புரிந்தது, அவளுக்கு என்ன கொடுப்பது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. நான் சாப்பிடுவது பால் வழியாக அவளுக்குப் போகாதா?

மருந்தாளுநர், லெஸ்டர்:

மன்னிக்கவும், அதை விட்டுவிட்டேன். சாதாரண அளவில் நீங்கள் எடுப்பது பாலில் மிகச் சிறிதளவே இறங்கும். அதை நம்பியிருக்க முடியாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்தது முதல் ஒரு வயது வரை தினமும் 8.5 முதல் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்து தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஃபார்முலா பால் குடிக்கும் குழந்தைக்கு மட்டும் வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம்; உங்கள் குழந்தையைக் கவனிக்கும் சுகாதாரச் செவிலியரான ஹெல்த் விசிட்டரிடம் கேளுங்கள். வாங்கும் முன் புட்டியின் மேல் ஒரு சொட்டில் எவ்வளவு என்பதைப் படியுங்கள், ஏனென்றால் சில மருந்தில் ஒரே சொட்டு ஒரு நாள் அளவு, சிலவற்றில் ஐந்து சொட்டு. புட்டியிலிருந்து நேரடியாக வாயில் விடாமல், சிறு கரண்டியில் எண்ணி விட்டுப் பிறகு வாயில் கொடுங்கள். பாட்டி அனுப்பிய பொடியைக் குழந்தைக்கு ஒரு சிட்டிகைகூடக் கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 25 மைக்ரோகிராம், அதாவது 1,000 ஐ.யூ.தான் எல்லை.