ஆயில் லைட் அணையாம ஸ்டார்ட் பண்ணலாமா? செகண்ட்ஸ் எஞ்சின் மாட்டறவங்க கவனத்துக்கு

பொள்ளாச்சி டீசல்:
டிஎன்33 தம்பி நேத்து இங்க எழுதுனதப் படிச்சதுல இருந்து மனசே ஆறலீங்க. "கோயமுத்தூர் உக்கடத்துல செகண்ட்ஸ் எஞ்சின் எடு, செயின் பிளாக் போட்டுத் தூக்கி மாட்டு, ஆயில ஊத்து, சாவியத் திருப்பு, மெக்கானிக் கூலி மிச்சம்"னு நாலு வரியில முடிச்சுப்போட்டாப்ல. அத நம்பி ஒருத்தன் பண்ணுனா எஞ்சின் காசும் சேந்து போகும். கடையில மாசக்கணக்கா கெடந்த எஞ்சின்ல ஆயில் பூரா அடியில இருக்கற சம்ப்புத் தொட்டிக்கு எறங்கியிருக்கும். எஞ்சினுக்குள்ள சுத்தற தண்டு, அதான் கிராங்க் ஷாஃப்ட், பேரிங் மேல ஒரசி ஓடறதில்லீங்க, ஆயில் படலத்து மேல மெதக்குது. படலம் இல்லாமப் பத்த வச்சா பேரிங்குல கோடு விழுந்துரும். ஃபில்டர்ல ஆயில நெப்பி மாட்டுங்க. எஞ்சின் பத்தாமச் சும்மா சுத்தி ஆயில் ஏறோணும். அதுக்கு டீசல்னா, டீசல் பீச்சற இன்ஜெக்டரோட கனெக்டரக் கழட்டிப்போட்டு செல்ஃப் அடிங்க. பெட்ரோல்னா பிளக்கக் கழட்டோணும், காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் கரண்ட்டு போகக்கூடாது. டேஷ்போர்டுல ஆயில் பிரஷர் இல்லைன்னு எரியற ஆயில் லைட் அணையோணும். அப்பறந்தான் ஸ்டார்ட்டு.

டிஎன்33:
நான் சொன்னது ஓடுன வண்டியில இருந்து எறக்குன எஞ்சினுங்ண்ணா. சிலிண்டரக் கடைஞ்சு, அதான் ரீபோர் பண்ணி ஜோடிச்சது இல்ல. தெனம் காலையில நம்ம வண்டியிலயும் ஆயில் கீழதான கெடக்குது? அப்ப தெனமும் கனெக்டரக் கழட்டிப்போட்டுத்தான் பால் வாங்கப் போறீங்களா?

பொள்ளாச்சி டீசல்:
ராத்திரி நின்ன வண்டியில ஃபில்டர்குள்ள இருக்கற வால்வு ஆயில எறங்க உடாது. நீங்க மாட்டறது புது ஃபில்டர், காலியா இருக்கும். எஞ்சினச் சாச்சுப் பொரட்டி டெம்போவுல ஏத்திக் கொண்டாந்திருப்பீங்க. ரெண்டும் ஒண்ணா? போர் மோட்டாரத் தண்ணியில்லாம ஓட்டிப் பாருங்க, தெரியும். ஆயில் லைட் அணையோணும்.

நாமக்கல் லாரிக்காரன்:
லைட்ட நம்பற ஆளு ஊருக்குப் பாடம் நடத்தறாரு. பிரஷர் அரை பார் ஏறுனாவே அந்த லைட் அணைஞ்சுரும். அது எஞ்சினுக்குப் பத்துமா? எஞ்சின்ல அந்த லைட்டுக்குன்னு இருக்கற சுவிட்சக் கழட்டிப்போட்டு, அந்த ஓட்டையில பிரஷர் காட்டற கேஜ் மாட்டிப் பாக்கோணும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் எஞ்சின ரோட்டோரத்துலயே எறக்கி ஏத்திப் பழகுனவங்க நாங்க.

பொள்ளாச்சி டீசல்:
கேஜ் மாட்ட வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? லைட்டே அணையாமப் பத்த வைக்காதீங்கன்னு சொல்றேன். பழைய லாரியில டீசல நிறுத்தற ஸ்டாப் வயர இழுத்துப் புடிச்சுட்டு செல்ஃப் அடிக்கறீங்களே, அது எதுக்குங்க?

நாமக்கல் லாரிக்காரன்:
அது எங்க தொழில். கார்க்காரங்களுக்கு வெளக்கஞ்சொல்ல வேண்டியதில்ல.

பெருந்துறை அம்மிணி:
லைட்டயே கட்டிக்கிட்டு அழுவறீங்க ரெண்டு பேரும். எங்கூட்டு வண்டியில பழைய எஞ்சின் போனதே, எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளற டர்போ ஒடஞ்சுதான். புதுசு மாட்டுனவங்க, அந்தக் காத்த ஆத்தற இன்டர்கூலரக் கழுவவே இல்ல. உள்ளார தங்கியிருந்த இரும்புத் துணுக்கெல்லாம் புது எஞ்சினுக்குள்ள போயிருச்சு. ரெண்டாவது எஞ்சினும் காலி. அதப் பேசுங்க மொதல்ல.

பொள்ளாச்சி டீசல்:
அம்மிணி சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. இன்டர்கூலரோட ஆயில் கூலரையும் பாக்கோணும், அதுக்குள்ள தங்குன தூளு நேராப் பேரிங்குக்குத்தான் போகும். அப்பறம் எஞ்சின் வெளிய இருக்கறப்பவே கிராங்க்குப் பின்னாடி ஆயில் சீல மாத்திப்போடுங்க. சீல் வெல சொற்பம். மாட்டுனதுக்கப்பறம் ஒழுகுச்சுன்னா கியர்பாக்ஸ மறுக்கா எறக்கோணும். கியர்பாக்ஸ் எஞ்சினோட சேர்ற மூடி, அதான் பெல் ஹவுசிங், சேரலைன்னு போல்ட்டப் போட்டு முறுக்கி இழுக்காதீங்க, போல்ட்டு போற காது ஒடஞ்சுரும். கிளட்ச் பிளேட் நடுவுல நிக்கலைன்னு அர்த்தம். ஆட்டோமேட்டிக்ல கிளட்சுக்குப் பதிலா இருக்கற டார்க் கன்வெர்ட்டர் கடைசி வரைக்கும் உள்ள உக்காராம போல்ட்டு முறுக்குனா கியர்பாக்ஸ் பம்ப்பே போயிரும். எர்த் வயர மறந்துட்டீங்கன்னா செல்ஃப் அடிக்கற கரண்ட்டு கிளட்ச் கேபிள் வழியாப் பாயும், கேபிள் கருகிரும். இத்தனையும் சரியாப் பண்ணிப்போட்டுக் கடைசியில ஆயில் லைட்டப் பாக்காமப் பத்த வச்சா எல்லாமே வீண்.

டிஎன்33:
பாத்தீங்களா, சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கறாரு. போன மாசம் பிரேக் ஆயில் பழமையிலயும் இப்புடித்தான், மத்தவங்களப் பேசவே உடல. சும்மா செல்ஃப் அடிச்சுட்டே இருந்தா ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிப் போயிருமே, அதுக்குக் காசு நீங்க தர்றீங்களா?

பொள்ளாச்சி டீசல்:
பத்து செகண்ட் அடிங்க, கொஞ்சம் ஆற உடுங்க, மறுக்கா அடிங்க. ஸ்டார்ட்டர் போனா அது ஒண்ணுதான் போகும். பேரிங் போனா கிராங்க்கும் சேந்து போகும். லைட் அணையோணும் தம்பி.

கோபி வாய்க்காமேடு:
எல்லாரும் ஆயில் ஊத்தறீங்க, ஆர்சி புக்குல இருக்கற எஞ்சின் நம்பர யாருங்க மாத்தறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்டிஓ ஒப்புதல் வாங்காம எஞ்சின மாத்தியிருந்தா 14 நாளுக்குள்ள தெரிவிக்கோணும். வாங்கறப்பவே அந்த எஞ்சின் எந்த வண்டியிதுன்னு பில்லும் காயிதமும் கேளுங்க. திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா யாரு கம்பி எண்றது?

நாமக்கல் லாரிக்காரன்:
பில்லா? பழைய சாமான் கடையில பில்லு கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.

கோபி வாய்க்காமேடு:
சிரிக்கற கடையில எதுக்குங்க வாங்கறீங்க? நாமக்கல்காரங்களுக்குச் சட்டமே தனியா?

நாமக்கல் லாரிக்காரன்:
ஊரப் பத்திப் பேசுனா நல்லா இருக்காது. டிஎன் 28 வண்டி போகாத ரோடு இந்தியாவுல இருக்குதா? வாய்க்கா மேட்டுல உக்காந்துக்கிட்டு எங்கூரப் பேச வந்துட்டாரு.

பெருந்துறை அம்மிணி:
ஊர்ச் சண்டைய அக்கட்டால வச்சுக்குங்க. இன்டர்கூலர எதுல கழுவறதுன்னு கேட்டேனே, யாராச்சும் சொன்னீங்களா?

டிஎன்33:
நீங்க எங்கீங்க கேட்டீங்க?

பொள்ளாச்சி டீசல்:
இனி கேக்க வேண்டாம், நானே சொல்றேன். டீசல் இல்லைன்னா மண்ணெண்ணெய ஊத்தி, குலுக்கி, கவுத்து வடிக்கோணும். சுத்தமா வரும்வரைக்கும் திரும்பத் திரும்ப. காத்தடிச்சு நல்லாக் காயவச்சு மாட்டோணும். ஈரத்தோட மாட்டுனா எஞ்சின் அந்த டீசலையே இழுத்துக்கிட்டு கட்டுப்பாடில்லாமக் கத்தும். உள்ளார துணுக்கு சிக்கியிருக்கும்னு சந்தேகம் இருந்தா கழுவவே வேண்டாம், புதுசாவே போட்டுருங்க. டர்போவுக்கு ஆயில் வர்ற குழாயக் கழட்டி, அந்த ஓட்டையில கொஞ்சம் ஆயில் உடுங்க. அப்பறம் செல்ஃப் அடிங்க, லைட்

நாமக்கல் லாரிக்காரன்:
கேஜ்.

பொள்ளாச்சி டீசல்:
லைட் அணைஞ்சதுக்கப்பறம் கேஜ்.

நாமக்கல் லாரிக்காரன்:
கேஜ் பாக்காதவன் மெக்கானிக்கே இல்ல.

டிஎன்33:
ஞாயித்துக்கெழமை நான் மாட்டத்தான் போறேன். உங்க ரெண்டு பேரையும் கேக்கப் போறதில்ல.